எஞ்சின் நின்ற காருக்கு ஒயில் எங்கிருந்து வரும்?

கட்டி இழுத்து வந்த கார் கராஜ் வாசலில் நின்றால் நான் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். ஒட்டோ கியரா, மனுவலா? எங்கிருந்து இழுத்தீர்கள்? தம்பலகாமம் என்றால் கொஞ்சம் ஆறுதல். ஹபரணை என்றால், அதுவும் ஒட்டோ என்றால், இருந்த பழுதோடு இல்லாத பழுது ஒன்றும் சேர்ந்து வந்திருக்கும். தண்ணீர்க் குழாய் வெடித்து நின்ற கார், சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை. 80 கிலோமீற்றருக்கு மேல் கயிற்றில் இழுபட்டு திருகோணமலை வந்து சேர்ந்தபின் கியர்பெட்டியே போய், கணக்கு லட்சத்தில் நிற்கும்.

இழுத்தவர்களைத் திட்டவும் மனம் வராது. இருட்டிய பிறகு ஹபரணை - கந்தளாய் வீதியில் யானை எப்போது ஏறும் என்று தெரியாது. குடும்பத்தோடு நிற்பவர் கரியர் லொறி வரும்வரை காத்திருக்க மாட்டார். கிடைத்த கயிற்றைக் கட்டத்தான் செய்வார்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒட்டோ கியர்பெட்டிக்குள் ஒயில் பம்ப் இருக்கிறது. அதைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். காரை இழுக்கும்போது சில்லு சுற்றும், அதோடு கியர்பெட்டியின் உள்ளுறுப்புகள் பலவும் சுற்றும், ஒயில் மட்டும் ஏறாது. காய்ந்த இரும்பு இரும்போடு உரசும். "நியூட்ரலில்தானே போட்டிருந்தோம்" என்பார்கள். நியூட்ரல் எஞ்சினைச் சில்லிலிருந்து பிரிக்கும். சில்லைக் கியர்பெட்டியிலிருந்து பிரிக்காது. பல்சக்கரத்துக்குப் பதில் பட்டியில் ஓடும் ஒட்டோ வகையான சிவிடி கியருக்கும் இதே கதைதான். இங்கே ஓடும் வகன்ஆர்களில் பெரும்பாலானவை சிவிடி என்பதை அதை வைத்திருப்பவர்களே பல பேர் அறிந்திருப்பதில்லை.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் இன்னும் மோசம். அவற்றின் மின் மோட்டார் முன் சில்லுகளோடு எப்போதும் இணைந்தே இருக்கும். முன் சில்லு தரையில் உருண்டால் அந்த மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கிவிடும். மோட்டார் பழுதாகலாம், தீயும் பிடிக்கலாம் என்று டொயோட்டாவின் கையேடே எச்சரிக்கிறது. முன் சில்லைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது கரியரில் ஏற்ற வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

இதையே கடல் கடந்தும் சொல்ல வேண்டி வருகிறது. கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் 1970களில் வந்த ஜிஎம்சி மோட்டோர்ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறான். படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. அதை ஒரு முகாமில் நிறுத்திவிட்டால் கடைக்குப் போக வேறு வாகனம் வேண்டும். அதனால் அங்கே பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி, நான்கு சில்லும் தரையில் உருள, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இழுத்துப் போவார்கள். "மாமா, பாரம் குறைஞ்ச கார் ஒண்டு சொல்லுங்கோ" என்றான். மோட்டோர்ஹோமை நான் கழற்றிப் பூட்டியதில்லை. ஆனால் அதன் பின்னால் போகும் சின்னக் காரோடுதான் என் பிழைப்பு. பாரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் கியரைச் சொல் என்றேன்.

முன் சில்லு இழுவையுள்ள, அதாவது எஞ்சின் முன் சில்லைச் சுற்றும், மனுவல் கார்தான் பொதுவாக நல்ல தேர்வு. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் இந்த வகைச் சின்னக் கார்களில், சில்லோடு சுற்றும் பெரிய டிஃபரன்ஷியல் பல்சக்கரம் கியர் ஒயிலுக்குள்ளேயே கிடக்கிறது. கார் உருள உருள அதுவே ஒயிலை மேலே வாரி இறைக்கும், பம்ப் தேவையில்லை. பின் சில்லு இழுவையுள்ள மனுவலில் அப்படியில்லை. பலவற்றில் ஒயிலை வாரி இறைக்கும் தண்டை எஞ்சின்தான் சுற்ற வேண்டும். பழைய வான்களைத் தூரம் இழுக்குமுன், கியர்பெட்டியைப் பின் சில்லோடு இணைக்கும் புரொப்பெல்லர் சாஃப்டைக் கழற்றச் சொல்வது அதற்காகத்தான்.

வட அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பெயர் எடுத்த கார் ஜியோ மெட்ரோ. நம் ஆட்களுக்கு அது அந்நியமில்லை: சுசுகி கல்டஸின் உடன்பிறப்பு, மூன்று சிலிண்டர், 1 லீற்றர் எஞ்சின், எடை 800 கிலோவை ஒட்டி. ஒன்ராறியோவின் இங்கர்சாலில் சுசுகியும் ஜெனரல் மோட்டோர்ஸும் சேர்ந்து நடத்திய ஆலையில் தயாரானது. கனடாவில் போண்டியாக் ஃபயர்ஃபிளை என்ற பெயரிலும் விற்றார்கள். மனுவல் கியரில், துரு தின்னாத ஒன்று கிடைத்தால் நான் வேறு எதையும் தேடமாட்டேன். அங்கே பனிக்கு உப்புத் தூவுகிறார்கள், நிலாவெளிக் கடற்காற்றைவிடக் கெட்டது அது. காரை மோட்டோர்ஹோமோடு இணைக்கும் இழுவைக் கம்பி பூட்டும் முன்சட்டத்துக்கு அடியில் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. கம்பி சட்டத்தில்தான் பூட்டப்பட வேண்டும், பம்பரில் அல்ல.

ஒட்டோவில் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அங்கே 2014 வரை விற்ற ஹொண்டா சிஆர்-வி ஒட்டோவை நான்கு சில்லும் தரையில் இழுக்கக் கையேடு அனுமதித்தது. அதற்கும் ஒரு முறை உண்டு: எஞ்சினை இயக்கி, கியரை எல்லா நிலைக்கும் நகர்த்தி, நியூட்ரலில் 3 நிமிடம் ஓடவிட்டு, பிறகு நிறுத்த வேண்டும். 2015இல் சிவிடி வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. பெயர் அதே, உடம்பும் ஏறத்தாழ அதே, உள்ளே இருப்பது வேறு. அதனால் "அந்தக் கார் இழுக்கலாமாம்" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டு, எந்தக் கியர், எந்த நாட்டுக்குச் செய்தது என்று கேளுங்கள். இங்கே ஜப்பானிலிருந்து இறங்கிய சிஆர்-விக்கு அந்த அமெரிக்கக் கையேடு செல்லாது.

இனிப் பாரம். ஜிஎம்சி மோட்டோர்ஹோம் 1973 முதல் 1978 வரை வந்தது. அந்த அளவு வண்டிக்கு அபூர்வமாக முன் சில்லு இழுவை. பின்னால் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைத் தொங்கவிட்டால் முன் சில்லின் பிடி குறையும். நான்கு சில்லில் உருளும் கார், மோட்டோர்ஹோமின் பின்னால் கம்பி மாட்டும் கொளுவியை இழுக்குமே தவிர கீழே அழுத்தாது, அந்த வகையில் இவனுக்கு இதுவே வசதி. ஆனால் தன் பாரம், இழுக்கும் பாரம் இரண்டையும் சேர்த்து வண்டிக்கு ஓர் உச்ச எடை உண்டு. தண்ணீர்த் தொட்டியையும் எரிபொருளையும் நிரப்பி, ஆட்களையும் ஏற்றித் தராசில் நிறுத்தாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. வேறு பழைய மோட்டோர்ஹோம்களில் பின்பக்கச் சட்டத்தை நீட்டி ஒட்டியிருப்பார்கள். கொளுவி பெரும்பாலும் அந்த ஒட்டில்தான் தொங்கும். ஒட்டும் துருவும் எப்படி இருக்கிறது என்று ஒரு வெல்டரிடம் காட்டுவது நல்லது.

பிரேக் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 800 கிலோ கார் மேட்டில் பின்னால் இழுக்கும், இறக்கத்தில் முன்னால் தள்ளும். ஐம்பது வயது மோட்டோர்ஹோமின் பிரேக் தன் உடம்பை நிறுத்தவே பாடுபடும், அதிலும் பின்னால் டிரம். எத்தனை கிலோவுக்கு மேல் இழுபடும் காருக்கும் பிரேக் வேண்டும் என்ற சட்டம் அங்கே மாகாணத்துக்கு மாகாணம் மாறுகிறது. சட்டம் கேட்காவிட்டாலும், காரின் பெடலை மிதிக்கும் தனிக் கருவியைப் பூட்டச் சொன்னேன். கம்பி கழன்றால் தாங்கப் பாதுகாப்புச் சங்கிலியும், பின்விளக்கு எரிய வயரும் இல்லாமல் வீதிக்கு ஏறவே வேண்டாம்.

கயிற்றில் இழுக்கும் நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எஞ்சின் நின்ற காரில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். திறப்பை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் காரில் பற்றறி செத்திருந்தால் அந்தப் பூட்டுத் திறக்காமலே போகலாம். எனவே இழுபடும் காரில் வாகனம் ஓட்டத் தெரிந்தவர்தான் இருக்க வேண்டும். வீட்டில் சும்மா இருந்த தம்பியை உட்கார வைக்காதீர்கள். ஒட்டோ, சிவிடி, ஹைபிரிட் மூன்றுக்கும் கயிற்றை மறந்துவிடுங்கள். உங்கள் காப்புறுதியில் இழுவைச் சேவை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பலருடைய பத்திரத்தில் இருந்தும் அவர்களுக்குத் தெரியாது.

மருமகனுக்குக் கடைசியாக ஒன்று எழுதி அனுப்பினேன். கார் பின்னால் கட்டியிருக்கும்போது மோட்டோர்ஹோமைப் பின்னுக்கு எடுக்க முடியாது. சில அடி போகும் முன்னே காரின் முன் சில்லுகள் ஒரு பக்கமாக மடங்கி, கம்பியும் சட்டமும் வளையும். பெற்றோல் நிலையத்துக்குள் நுழையும்போதே வெளியேறும் வழி முன்னால் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வீதியோரம் நிறுத்தி, காரைக் கழற்றிவிட்டுப் பிறகு உள்ளே போ.