ஊதியம், சம்பளம், கூலி, படி: சொற்பொருள் விளக்கம்

உழைப்புக்கு ஈடாகப் பெறும் தொகைக்குத் தமிழில் பெயர்கள் பல. அவற்றுள் அரசாணைகளும் சட்ட மொழிபெயர்ப்புகளும் இன்று பொதுச்சொல்லாகக் கொண்டிருப்பது ஊதியம். பழந்தமிழில் இச்சொல்லின் பொருள் வேறு. ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்னும் குறளில் (449), முதற்பொருள் இல்லாத வணிகர்க்கு வாராத இலாபமே ஊதியம் எனப்படுகிறது. ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ (231) என்னுமிடத்திலும் பேறு, பயன் என்பதே பொருள். பருத்தலைக் குறிக்கும் ஊதுதல் என்னும் வினையிலிருந்து இது பிறந்தது எனக் கொண்டால், இட்டதற்கு மேல் பெருகி வந்தது என்னும் கருத்து விளங்கும். ஒரு காலத்தில் முதலிட்டவனின் ஆதாயத்தைச் சுட்டிய சொல், இன்று அவனிடம் வேலை செய்பவர் பெறுவதைச் சுட்டுகிறது.

சம்பளம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், சம்பா நெல்லும் அளத்து உப்பும் (அளம் என்பது உப்பளம்) சேர்ந்தது என்பது. ஆங்கிலத்தின் ‘சாலரி’ இலத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்னும் செய்தி இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்ப்பதாகக் காட்டப்படுகிறது. உரோமப் படைவீரர்க்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்பதற்கே உறுதியான சான்று கிடையாது. நம் விளக்கமும் கேட்க இனிமையானதேயன்றிச் சொல்லாராய்ச்சிக்கு நிற்பதன்று. சங்கப் பாடல்களில் உப்பு வணிகரான உமணர் நெல்லுக்கு நேராக உப்பை மாற்றியது உண்மைதான், ஆயினும் அது பண்டமாற்று; வேலைக்கான ஈடு அன்று. மேலும் மலையாளத்தில் இச்சொல் வடமொழிச் சகரத்துடன் ‘ஶம்பளம்’ என வழங்குகிறது, கன்னடத்தில் ‘சம்பள’ என வழங்குகிறது. வடமொழியில் ‘சம்பலம்’ என்றால் வழிப்பயணத்திற்குக் கட்டிக்கொள்ளும் உணவு, அதாவது கட்டுச்சோறு. பயணச் செலவுக்குத் தந்தது நாளடைவில் பணிக்குத் தருவதாயிற்று எனக் கொள்வதே பொருந்துகிறது. தூய தமிழ் வேண்டுவோர் ஊதியம் என எழுதலாம். எனினும் ‘சம்பள நாள்’ என்னும் தொடரை எந்த அரசாணையாலும் மாற்றிவிட முடியும் என்று தோன்றவில்லை.

கூலி ஐயத்துக்கு இடமின்றிப் பழஞ்சொல். ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ (619) என்று வள்ளுவர் சொல்லும்போது அதில் இழிவின் நிழல் கூட இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் ‘கூலி’ என்பது தொகையை விட்டு ஆளுக்குப் பெயராயிற்று. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர்கள் மேல் அது வசைச்சொல்லாகவே விழுந்தது. அவ்வாங்கிலச் சொல்லின் மூலம் தமிழ்க் கூலியா, குசராத்தின் கோலி என்னும் இனப்பெயரா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. நகைக்கடைச் செய்கூலியிலும் தையற்கூலியிலும் ஏற்றுக்கூலியிலும் பழைய பொருள் இன்றும் கெடாமல் இருக்கிறது.

படி என்பது முகத்தலளவை. நாள்தோறும் அளந்து கொடுத்த தானியத்தின் பெயர், அடிப்படை ஊதியத்துக்கு மேல் தரும் தொகைக்கு ஆகி, பயணப்படி, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என விரிந்தது. தஞ்சை வட்டாரத்தில் கூலியே நெல்லாக அளக்கப்பட்டது. 1968-இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்படுவதற்கு முன் நடந்த போராட்டம், அளக்கும் கூலி நெல்லை உயர்த்தக் கேட்டதுதான். லாரி ஓட்டுநரும் திரைத்துறையினரும் சொல்லும் பேட்டா, கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளில் வழங்கிய சொல். 1766-இல் இராபர்ட் கிளைவ் ‘இரட்டைப் பேட்டா’வை நிறுத்தியபோது வங்கப் படையின் ஆங்கில அதிகாரிகள் கூட்டாகப் பதவி விலக முற்பட்டனர். இதற்கும் படி என்பதே போதுமான தமிழ்.

போனஸ் என்பதை மிகையூதியம் எனலாம். சட்டப்படி அது குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எனவே ‘வெகுமதி’ என எழுதுவது பிழை. தமிழ்நாட்டின் பொதுத்துறை நிறுவனங்கள் 20 விழுக்காடு அறிவிக்கும்போது எஞ்சிய 11.67 விழுக்காட்டைக் ‘கருணைத் தொகை’ என்கின்றன. யாருடைய கருணை என்று கேட்கத் தோன்றும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்னும் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. சட்டத்தின்படி, பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் அது உரிமையாகவே சேரும். கொடை என்ற பெயர் நிலைத்துவிட்டதால் மாற்றுவது கடினம், பொருளையாவது பிழையாகக் கொள்ளாதிருக்கலாம்.

இவற்றுள் மிகுந்த கவனத்துடன் ஆள வேண்டிய சொல் மதிப்பூதியம். தேர்வுப் பணிக்கோ ஒரு சொற்பொழிவுக்கோ மதிப்பளித்துத் தரும் தொகைக்கு அது சரி. மாதந்தோறும் அங்கன்வாடியில் குழந்தைகளைப் பேணுபவர் பெறுவதற்கும் அதே பெயர் இடப்பட்டதால், அவர் தொழிலாளரல்லர், தொண்டர் என்னும் வாதம் எழுந்தது. குசராத்திலிருந்து சென்ற வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மதிப்பூதியமும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் பொருளில் ஊதியமே என்றும், அங்கன்வாடிப் பணியாளர்க்கும் உதவியாளர்க்கும் பணிக்கொடை உண்டு என்றும் தீர்ப்பளித்தது.