ஃபார்ம் அனுப்பிட்டா பசுமை கொள்முதல் ஆயிடாதுங்க

மறுபடியும் அதே கதை. ஒரு கம்பெனி, சுற்றுச்சூழலுக்கு என்ன பண்றீங்கன்னு கேட்டு தன்னோட சப்ளையருங்க எல்லாருக்கும் பக்கம் பக்கமா ஃபார்ம் அனுப்பியிருக்கு, குறிச்ச தேதிக்குள்ள பதில் வரலைன்னா வெண்டர் லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவோம்னு கடைசில ஒரு வரி வேற. அதுல ஒரு சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட், இதையெல்லாம் உக்காந்து எழுத அங்க ஆளே கிடையாது, அனுப்பல, ஆர்டர் நின்னுபோச்சு. உள்ள போய்ப் பாத்தா பிளாஸ்டிக் உருகுற மெஷின் பேரல் எல்லாத்துக்கும் சூடு வீணாகாம இன்சுலேஷன் ஜாக்கெட் போட்டிருக்காங்க, ஸ்கிராப்பை அரைச்சு தனியா பிரிச்சு வெச்சிருக்காங்க. எல்லாக் கட்டத்துலயும் டிக் அடிச்சு அனுப்புன இன்னொருத்தருக்கு முழு மார்க். அதை நிரப்புனது அவங்க அக்கவுண்டன்ட், பாய்லர்ல என்ன எரியுதுன்னு அவருக்கே தெரியாது.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயம் இந்த சர்டிபிகேட் நம்பிக்கைதான். "ஐஎஸ்ஓ 14001 இருக்கு சார், அப்ப அவங்க பசுமைதானே"ன்னு பர்ச்சேஸ் மேனேஜர்களே கேக்குறாங்க. இல்லீங்க. 14001ங்கறது சுற்றுச்சூழல் விஷயங்களைக் கவனிக்க ஒரு முறையான நிர்வாக அமைப்பு வெச்சிருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லுது. கொள்கை இருக்கா, இலக்கு வெச்சிருக்காங்களா, சட்டத்தை மதிக்கிறாங்களா, வருஷா வருஷம் முன்னேற முயற்சி நடக்குதா, அவ்வளவுதான். ஒரு கிலோ பொருளுக்கு இவ்வளவு கார்பன்தான் வரலாம்னு அது எந்த வரம்பும் போடல. ஒரே பொருளைச் செய்ற ரெண்டு ஆலை, ரெண்டு சுவர்லயும் அதே சர்டிபிகேட் தொங்கும், ஒண்ணு இன்னொண்ண விட பல மடங்கு கரண்ட் இழுக்கலாம். சர்டிபிகேட் வேண்டாம்னு சொல்லல, அதோட நின்னுடாதீங்கன்னு சொல்றேன்.

இதைவிட மோசம், சப்ளையர்கிட்ட "ஐஎஸ்ஓ 20400 சர்டிபிகேட் அனுப்புங்க"ன்னு கேக்குறது. 2017ல வந்த அந்த 20400 பசுமையா, பொறுப்பா கொள்முதல் பண்றதுக்கான வெறும் வழிகாட்டி, அதுக்கு சர்டிபிகேஷனே கிடையாது. இன்னொண்ணு, அது வாங்குறவங்க எப்படி வாங்கணும்னு சொல்ற ஆவணம். அதாவது நமக்கு எழுதுனது. தயவுசெஞ்சு அதை முதல்ல நம்ம டீம் படிக்கட்டும்.

அடுத்தது கணக்கு. ஸ்கோப் 3 ரிப்போர்ட்டுக்கு, அதாவது சப்ளையர்கிட்ட, போக்குவரத்துலன்னு நம்ம கம்பெனிக்கு வெளிய நமக்காக வர்ற கார்பன் உமிழ்வுக் கணக்குக்கு, செலவு பண்ணுன தொகையை 'ரூபாய்க்கு இவ்வளவு'ன்னு ஒரு சராசரி காரணியால பெருக்கி உமிழ்வு எவ்வளவுன்னு எழுதுறோம்ல, ஆரம்பத்துக்கு அது சரி. ஆனா சப்ளையர் சோலார் போட்டு விலைய கொஞ்சம் ஏத்துனா இந்தக் கணக்குல நம்ம உமிழ்வு கூடும், அவரை நெருக்கி விலைய குறைச்சா உமிழ்வு குறையும். நிஜத்துல நடக்கறதுக்கு நேர் எதிரா ரிப்போர்ட் நிக்கும். அதனால பெரிய அளவுல வாங்குற சில பொருளுக்காவது சப்ளையரோட நிஜ மின்சார, எரிபொருள் அளவை வாங்குங்க. மீட்டர் ரீடிங்கும் டீசல் பில்லும் எல்லார்கிட்டயும் இருக்கு, நூறு கேள்வியெல்லாம் தேவையில்ல.

கேள்வி கேக்கறதோட நிக்காம சப்ளையருக்கு உதவியும் பண்ணணும். உதவின்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மெஷின் ஓடாத நாள்ல ஏர் கம்பிரஸரை மட்டும் ஓட விட்டு ஷெட்டுக்குள்ள ஒரு சுத்து நடந்து பாருங்க, உஸ்ஸுன்னு சத்தம் வர்ற இடத்துலயெல்லாம் சப்ளையரோட காசு வெளிய போகுது. பராமரிப்பு சரியில்லாத இடத்துல கம்பிரஸர் தர்ற காத்துல 20, 30 சதவீதம் லீக்லயே போறது சாதாரணம். பெரிய ப்ளோயர் ஃபேனுக்கு விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி, போட்டு வேகத்தை 20 சதவீதம் குறைச்சா மின்சாரம் ஏறக்குறைய பாதியாயிடும். இதெல்லாம் சொல்லிக் குடுக்க ஒரு இன்ஜினியரை ரெண்டு நாள் அனுப்புனா போதும்.

சொல்லிக் குடுத்தும் அவர் செய்யலைன்னா அதுக்கு காரணம் பெரும்பாலும் நாமதான். விஎஃப்டி போட்ட காசு திரும்ப வர ரெண்டு வருஷம் ஆகும்னா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏலம் விட்டு ஆளை மாத்துற கஸ்டமரை நம்பி யார் முதல் போடுவா? சரக்கு குடுத்து மாசக்கணக்கா பணம் வராம இருக்கறவர் எங்க இருந்து மோட்டார் மாத்துவார்? கடைசி நிமிஷத்துல டிசைனை மாத்திட்டு ஏர்ல அனுப்புன்னு சொல்றதும் நாம, அப்புறம் கார்பன் ஏன் கூடுச்சுன்னு அவர்கிட்ட கேக்குறதும் நாம. கப்பல்ல போறதைவிட விமானத்துல அனுப்புனா அதே எடைக்கு, அதே தூரத்துக்குப் பல பத்து மடங்கு உமிழ்வு வரும். டிராயிங்ல "நூறு சதவீதம் வெர்ஜின் மெட்டீரியல்"னு, அதாவது மறுசுழற்சி கலக்காத புதுப் பொருள்தான்னு போட்டுட்டு, ஃபார்ம்ல ரீசைக்கிள்ட் எத்தனை சதவீதம்னு கேக்குறாங்க, அந்த மோல்டிங் யூனிட்டுக்கும் இதேதான். அரைச்ச ஸ்கிராப் அங்க மூட்டை மூட்டையா கிடக்கு, போட அனுமதி இல்ல.

அதனால ஃபார்ம் அனுப்புறதுக்கு முன்னாடி உங்க ஸ்பெசிஃபிகேஷனை எடுத்து வெச்சு எந்த வரி அவசியம், எது பழக்கத்துல வந்ததுன்னு டிசைன் டீமோட உக்காந்து பாருங்க. நல்லா பண்றவங்களுக்கு கான்ட்ராக்டை நீட்டுங்க, பேமென்ட்டை சீக்கிரம் விடுங்க. சின்ன யூனிட்டுக்கு அவங்க மொழிலயே ஒரு பக்க ஃபார்ம் போதும்.

கடைசியா ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். சப்ளையர் நம்பி குடுக்கற மின்சாரக் கணக்கை விலை பேசுற டீம் கைல குடுக்காதீங்க. "கரண்ட் மிச்சம் பண்ணிட்டீங்கல்ல, ரேட்டைக் குறைங்க"ன்னு ஒரு தடவை கேட்டுட்டா போதும், அவர் அடுத்த வருஷம் உண்மையான கணக்கைக் காட்டவே மாட்டார், பக்கத்து ஷெட்காரர்கிட்டயும் சொல்லிடுவார்.