நூற்றுக்கு 17: கால்பந்து உலகக் கோப்பை வாய்ப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினாவுக்கு எதிரே, தரவரிசையில் 51-ஆம் இடத்தில் இருந்த சவுதி அரேபியா. 10-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டார். முதல் பாதிக்குள் அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது. மூன்றுமே ஆஃப்சைடு என்பதால் செல்லவில்லை. இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆவதற்குள் சவுதி இரண்டு கோல் அடித்தது. ஆட்டம் 2-1 என்று முடிந்தது.

அதே அர்ஜென்டினா 26 நாள் கழித்து அதே மைதானத்தில் கோப்பையைத் தூக்கியது. அப்படியென்றால் போட்டிக்கு முன் போட்ட கணக்கெல்லாம் வீணா? இல்லை. இப்படியும் நடக்கும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முதலில் அணியின் பலத்தை ஓர் எண்ணாக்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ, சதுரங்க வீரர்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2018-இல் ஆண்கள் தரவரிசைக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு அணிகளுக்கு இடையே 300 புள்ளி வித்தியாசம் என்று வையுங்கள். வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்ற கணக்கில், பலமான அணியிடம் 0.76 எதிர்பார்க்கப்படும். தகுதிச்சுற்று ஆட்டமாக இருந்தால், அது ஜெயித்தால் கிடைப்பது 6 புள்ளி; தோற்றால் போவது 19. எதிர்பார்த்தது நடந்தால் எண் லேசாக நகரும், எதிர்பாராதது நடந்தால் துள்ளும். நட்பு ஆட்டத்துக்கு எடை குறைவு, உலகக் கோப்பை ஆட்டத்துக்கு அதிகம்.

சரி, பலம் தெரிந்துவிட்டது. ஆட்டம் எப்படி முடியும்? கால்பந்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். கோல் என்பது அரிதான நிகழ்ச்சி. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் மொத்தமே 172 கோல்கள்; ஆட்டத்துக்கு 2.7. எப்போதாவது, முன்கூட்டிச் சொல்ல முடியாத நேரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை எண்ணுவதற்குப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சானின் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு. அணியின் பலத்தை வைத்து மதிப்பிட்ட கோல் சராசரியை மட்டும் கொடுத்தால் போதும்; 0 கோல், 1 கோல், 2 கோல் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லிவிடும்.

ஒரு அணி சராசரியாக 2 கோல் அடிக்கக்கூடியது, எதிரணி 0.7 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பலமான அணி ஜெயிக்க 68 சதவீதம், டிரா 20, பலவீனமான அணி ஜெயிக்க 12. கிட்டத்தட்ட மூன்று மடங்கு பலம் இருந்தும், எட்டு ஆட்டத்துக்கு ஒன்று கைவிட்டுப் போகும்! கூடைப்பந்தில் இப்படி ஆகாது. அங்கே நூறு புள்ளி வரை ஏறுவதால் அதிர்ஷ்டம் அடிபட்டுப் போகிறது. கால்பந்தில் ஒரே ஒரு தவறான கணம் போதும். 2022 காலிறுதியில் பிரேசிலை எதிர்த்து 120 நிமிடம் ஆடிய குரோவேஷியா, கோலை நோக்கிச் சரியாக உதைத்தது ஒரே ஒரு முறைதான். 117-ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் உதைத்த அந்தப் பந்து, தடுக்க வந்தவர் மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. ஸ்கோர் 1-1. அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்டில் பிரேசில் வெளியேறியது.

ஓர் ஆட்டத்துக்கே இந்த நிலை. முழுப் போட்டிக்கும் பார்க்க, சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன மான்டே கார்லோவின் பெயர் கொண்ட முறையைப் பயன்படுத்துகிறார்கள். எல்லா ஆட்டங்களுக்கும் கணினி பகடை உருட்டும். குரூப் முடிந்து, தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் முடிந்து, ஒரு சாம்பியன் வரும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஆயிரக்கணக்கான உலகக் கோப்பைகளை ஓட்டி, எத்தனையில் நம் அணி ஜெயித்தது என்று எண்ணினால் அதுதான் வாய்ப்பு.

அந்த எண் ஏன் எப்போதும் சிறிதாகவே இருக்கிறது? உங்கள் அணி குரூப்பைத் தாண்டிவிட்டது, ஒவ்வொரு நாக்-அவுட்டிலும் அதற்கு 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 32 அணிகள் ஆடியபோது கோப்பைக்கு நான்கு நாக்-அவுட் ஜெயித்தால் போதும். 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் 24 சதவீதம். 2026-இல் 48 அணிகள் என்றானதும் நாக்-அவுட் ஐந்தாகிவிட்டது. ஐந்து முறை பெருக்கினால் 17 சதவீதம்தான். ஒரே ஒரு சுற்று கூடியதற்கு இவ்வளவு இழப்பு.

இந்தக் கணக்குக்குப் பலவீனமும் உண்டு. தேசிய அணிகள் வருடத்துக்குச் சில ஆட்டங்களே ஆடுகின்றன. கிளப் அணிகளைப் போல நிறையத் தரவு கிடைக்காது. முக்கிய வீரர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினால், அணியின் பழைய புள்ளிகளுக்கு அது தெரியாது. அதனால் நல்ல கணிப்பு மாதிரிகள் வீரர்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்கின்றன, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் புதிதாக ஓட்டுகின்றன. சவுதியிடம் தோற்ற இரவில் அர்ஜென்டினாவின் வாய்ப்பு சரிந்தது உண்மைதான். ஆனால் பூஜ்யமாகிவிடவில்லை. மெக்சிகோ, போலந்து இரண்டையும் 2-0 என்று வென்றதும் மறுபடி ஏறியது.

இறுதி ஆட்டத்தின் 123-ஆவது நிமிடத்தில் ஸ்கோர் 3-3. பிரான்ஸின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு கோல்கீப்பர் மார்ட்டினெஸின் முன்னால் வந்துவிட்டார். பலமாக உதைத்தார். மார்ட்டினெஸ் இடது காலை விரித்து நீட்ட, பந்து அதில் பட்டுத் தெறித்தது. அடுத்து வந்த ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. அந்தப் பந்து உள்ளே போயிருக்கக்கூடிய உலகக் கோப்பைகளும் கணினி ஓட்டிப் பார்த்தவற்றில் இருந்தன.