பழைய அலுமினிய படகுக்கு எத்தனை ஹெச்பி மோட்டார் தாங்கும்?

காவேரிப்பாக்கம் ஏரியில மீன் குத்தகை பாக்குறவங்க, மோர்தானா பக்கம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய அலுமினிய படகு வாங்கி போட்டவங்க, யாரா இருந்தாலும் முதல்ல கேக்குறது "எத்தனை ஹெச்பி போடலாம்"னு தான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. படகு இப்போ எவ்ளோ வெயிட்டு, மோட்டார் மாட்டுற பின்பலகை எந்த நிலைமையில இருக்கு, இந்த ரெண்டும் தெரியாம ஹெச்பி பேசுறதுல அர்த்தமே இல்லீங்க.

முதல்ல தண்ணி என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். படகு போறப்போ முன்னாடி ஒரு அலை, பின்னாடி ஒரு அலைன்னு அதுவே உண்டாக்கிக்கும், வேகம் ஏற ஏற அந்த அலையோட நீளமும் கூடும், ஒரு கட்டத்துல அலையும் படகும் ஒரே நீளமா ஆயிடும், அதுக்கு மேல போகணும்னா படகு தானே உண்டாக்கின அலை மேல ஏறியாகணும். இந்த எல்லைக்கு ஒரு கணக்கு இருக்கு: தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து வர்க்கமூலம் போட்டு 1.34 ஆல பெருக்கினா வேகம் நாட்ங்கிற (knot) படகு வேக அளவுல வரும். 14 அடி படகுக்கு சுமார் 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். இந்த வேகத்துக்கு 3ல இருந்து 5 ஹெச்பியே போதும், வலை விடவும் மீனுக்கு தீவனம் போடவும் இதுக்கு மேல எதுக்கு?

வேகமா போகணும்னா படகு தண்ணிய பிளந்துட்டு போறத விட்டுட்டு மேலெழும்பி வழுக்கிட்டு ஓடணும், பிளேனிங்னு சொல்றாங்களே அது. அதுக்கு ஆளு, சாமான், மோட்டார், பெட்ரோல் எல்லாம் சேத்து ஒரு ஹெச்பிக்கு சுமார் 20 கிலோவுக்குள்ள வரணும். 14 அடி படகு 110 கிலோ, ரெண்டு பேர் 140, மோட்டாரும் டேங்கும் 65ன்னு வெச்சா 315 கிலோ ஆகுது, அப்போ 15 ஹெச்பி கிட்ட வேணும். ரொம்ப பேர் மாட்டிக்கிறது இந்த ரெண்டுக்கும் நடுவுல தான். 8 ஹெச்பி போட்டு நாலு பேர் ஏறினா மூக்கு வானத்த பாக்கும், பின்பக்கம் அமுங்கும், ஏலகிரி கொண்டை ஊசி வளைவுல ரெண்டு மூட்டையோட ஏறுற டிவிஎஸ் 50 மாதிரி இன்ஜின் கத்தும், பெட்ரோல் போகும், வேகம் மட்டும் வராது. ஒண்ணு சின்னதா போட்டு மெதுவா போங்க, இல்லன்னா சரியான அளவுல போடுங்க.

அப்போ பெருசாவே போட்டுடலாமான்னா, அங்க தான் பழைய படகு பிரச்சனை பண்ணும். அமெரிக்காவுல 1972 நவம்பர்ல இருந்து சின்ன படகுங்களுக்கு அதிகபட்ச ஹெச்பி எழுதின பிளேட் கட்டாயம், அதுக்கு முந்தின படகுல அது இருக்காது, நம்ம ஊர்ல கைமாறி வர்ற படகுலயும் பெரும்பாலும் இருக்காது. ஆனா அந்த கணக்க நாமளே போட்டுக்கலாம். படகு நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில அளந்து பெருக்குங்க, 14க்கு 4ன்னா 56. கையால பிடிச்சு திருப்புற மோட்டாரா இருந்து, அடி தட்டையா ஓரம் மடிஞ்ச படகா இருந்தா அதுல பாதி 28, அதுல 15 கழிச்சா 13, அஞ்சின் மடங்குக்கு மேல ஏத்தினா 15 ஹெச்பி. இது புது படகுக்கு உண்டான உச்சம்ங்கிறத மறக்கக்கூடாது.

பழசுல ரெண்டு விஷயம் கெட்டிருக்கும். மிதக்கறதுக்காக சீட்டுக்கு கீழ அடைச்ச ஃபோம் வருஷக்கணக்கா தண்ணிய குடிச்சு கனத்திருக்கும். நூறு கிலோ படகுன்னு நினைச்சது நூத்தம்பது இருக்கும். இதுக்கு ஊருக்கு ஊரு எடை மேடை இருக்கே, வண்டியில ஏத்தி ஒரு தடவ, இறக்கிட்டு ஒரு தடவ நிறுத்தா முடிஞ்சுது.

ரெண்டாவது பின்பலகை. அலுமினிய தகட்டுக்குள்ள ப்ளைவுட் இருக்கும், போல்ட் ஓட்ட வழியா தண்ணி இறங்கி மக்கிப் போகும், வெளியில இருந்து பாத்தா பளபளன்னு தான் தெரியும். சுத்தியல் பிடியால தட்டிப் பாருங்க, நல்ல மரம் டக்குனு கெட்டியா கேக்கும், மக்கினது மொத்துனு அமுங்கின சத்தம் போடும். மோட்டார மாட்டி, தண்ணிக்குள்ள இறங்குற அதோட காலை கையால முன்ன பின்ன தள்ளினா பலகையும் கூடவே அசைஞ்சா அந்த படகுல 5 ஹெச்பி கூட வேணாம், முதல்ல பலகைய மாத்துங்க. ஏன்னா 15 ஹெச்பின்னா 11,000 வாட்ஸ், அதுல பாதி தள்ளுறதுக்கு கிடைச்சாலும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல 65 கிலோவுக்கு மேல உந்துதல். அது விழறது கீழ ப்ரொப்பெல்லர்ல, அதனால கடப்பாரை நெம்புற மாதிரி பலகையோட மேல் பக்கத்த பின்னாடி இழுத்துட்டே இருக்கும், ரிவெட்டெல்லாம் ஆடிப் போறது இதனால தான்.

மோட்டார் வெயிட்டும் கணக்கு தான். பழைய டூ ஸ்ட்ரோக் 15 ஹெச்பி 35, 40 கிலோ, இப்போ வர்ற ஃபோர் ஸ்ட்ரோக் அதே 15 ஹெச்பி 50 கிலோ கிட்ட. ஆனா 1980கள் நடுவுல இருந்து ஹெச்பிய ப்ரொப்பெல்லர் தண்டுல அளக்குறாங்க, முன்னாடி இன்ஜின்லயே அளந்தாங்க, அதனால பழைய 15 இப்போதைய 15 அளவுக்கு இழுக்காது. பின்பலகை சுமாரா இருந்தா நான் 9.9 போதும்னு தான் சொல்வேன்.

மோட்டார் காலோட நீளத்தையும் பாத்து வாங்குங்க, 15 இன்ச் உயர பின்பலகைக்கு ஷார்ட் ஷாஃப்ட், 20 இன்ச்சுக்கு லாங் ஷாஃப்ட். ப்ரொப்பெல்லருக்கு மேல இருக்குற தகடு படகோட அடிமட்டத்துக்கு நேரா வரணும், ரொம்ப மேல இருந்தா காத்த இழுத்து வெறுமனே சுத்தும், ரொம்ப கீழ இருந்தா நம்ம ஏரி சேத்துல மாட்டும். ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம் கம்பெனி சொன்னதுக்கு கீழயே நின்னா மோட்டார் சின்னதுன்னு முடிவு பண்ணாதீங்க, ப்ரொப்பெல்லர் பிட்ச, அதாவது ஒரு சுத்துக்கு அது முன்னேறுற கணக்கு தூரத்த, ஒரு இன்ச் குறைச்சு பாருங்க, 150, 200 ஆர்பிஎம் ஏறும்.

ஏலகிரி மாதிரி 1,100 மீட்டர் உயரத்துல காத்து லேசு, கீழ இருக்குற பவர்ல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு குறையும், அங்க ஓட்டுறதா இருந்தா அதையும் கழிச்சுக்குங்க. ஆகாயத்தாமரை இருக்குற ஏரின்னா எத்தன ஹெச்பியா இருந்தாலும் கூலிங் தண்ணி வெளிய பீச்சுற ஓட்டைய அப்பப்போ பாத்துட்டே ஓட்டணும், அது நின்னா உடனே ஆஃப் பண்ணிட்டு மோட்டார் காலை தூக்கி வேர எடுத்து விடுங்க.