கட்டடம் கடைசியில்: போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு எங்கே வீடு?

ஆப்பிரிக்காவில் போரால் அநாதையான பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று யாராவது பணம் திரட்டினால், பெரும்பாலும் அது ஒரு கட்டடத்தில்தான் போய் முடிகிறது. வெள்ளையடித்த சுவர், இரண்டடுக்குக் கட்டில்கள், வாசலில் பெயர்ப்பலகை. நன்கொடை கேட்பதற்கும் படம் எடுத்துக் காட்டுவதற்கும் வசதி. ஆனால் இந்த வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் கையில் எடுப்பது செங்கல் அல்ல, பிள்ளையின் குடும்பத்தைத் தேட விவரம் குறிக்கும் ஒரு படிவம்.

காரணம் விளங்க 1994 ருவாண்டாவைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 7 தொடங்கி ஏறக்குறைய 100 நாளில் இனப்படுகொலையில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி அன்றைய சயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகருக்கு ஓடினார்கள், அங்கே காலரா. பெற்றோர் செத்துப்போன பிள்ளைகளும், கூட்டத்தில் கைநழுவிப்போன பிள்ளைகளும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு யுனிசெஃப் கணக்கில் தாய், தகப்பன் இருவரில் ஒருவரை இழந்தாலே அநாதைதான். ஆகவே ‘இத்தனை லட்சம் அநாதைகள்’ என்று படிக்கும்போது, அதில் தாய் உயிரோடு இருக்கும் பிள்ளைகளும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது.

படிவத்துக்கு வருவோம். பெயர், ஊர், வயது மட்டும் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒன்றும் பெயராது. ‘அம்மா பேர் என்ன?’ என்றால் ‘அம்மா’ என்றுதான் சொல்லும். வேறு மாதிரிக் கேட்க வேண்டும். அம்மாவைப் பக்கத்து வீட்டார் எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? தண்ணீருக்கு எங்கே போவீர்கள், ஏற்றமா இறக்கமா? சந்தை எந்தக் கிழமை? மாடு உண்டா, அதற்குப் பேர் உண்டா? பக்கத்தில் தேவாலயம், தேயிலைத் தோட்டம், பாலம் ஏதாவது? கூட யார் ஓடி வந்தார்கள், எந்த இடத்தில் பிரிந்தீர்கள்? ஒரே நாளில் எல்லாம் கிடைக்காது. விளையாடும்போது தானாக விழும் சொல்லையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பேசத் தெரியாத குழந்தைக்கு உடம்பும் உடுப்பும்தான் சாட்சி. வந்த நிலையிலேயே, குளிப்பாட்டுவதற்கு முன், ஒரு புகைப்படம். குளித்துத் தேறிய பின் இன்னொன்று. உடுத்தியிருந்த துணி, கையில் கட்டிய கயிறு, சுற்றியிருந்த போர்வை எதையும் எரிக்கக் கூடாது. கிழிசலும் அழுக்குமாக இருந்தாலும் எண் போட்ட பையில் இருக்கட்டும். தாய் பிள்ளையின் முகத்தை மறக்க மாட்டாள். ஆனால் ஆறு மாதப் பட்டினி முகத்தையே மாற்றிவிடும், துணியை மாற்றாது. கொண்டுவந்து விட்டவரின் பெயரும், கண்டெடுத்த இடமும் நாளும் இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் வீண். பரிதாபப்பட்டுப் புதுப் பெயர் வைப்பதும் தவறு. அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் எங்கோ ஒரு முகாமில் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் தம்பியை, அக்கா தங்கையைப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைத்தால் பாதித் தகவல் அங்கேயே போய்விடும். பெரியவனுக்குத்தான் ஊர் தெரியும்.

‘இது என் பிள்ளை’ என்று ஒருவர் வந்து நின்றால் உடனே கையில் கொடுத்துவிட முடியாது. வந்தவரைத் தனியாக, பிள்ளையைத் தனியாக, அதே கேள்விகள். பதில் பொருந்த வேண்டும். வேலைக்காகவும் படைக்காகவும் பிள்ளை தேடுகிறவர்கள் போர்க்காலத்தில் குறைவில்லை. ருவாண்டாவில் புகைப்படங்களை முகாம்களில் ஒட்டியும், பெயர்ப் பட்டியலை வானொலியில் வாசித்தும், செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 50,000-க்கும் அதிகமான பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்தன. முதல் வாரமே எல்லோரையும் விடுதியில் அடைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் அதில் பாதிகூட நடந்திருக்காது.

உடல்நிலைக்குப் பெரிய மருத்துவமனை வேண்டாம், முதல் நாளில் ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்ப்பது: 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறை; 115 முதல் 125-க்குள் என்றால் நடுத்தரம். கூடவே இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டிலும் குழி விழுந்தால், நாடா என்ன சொன்னாலும் அதுவும் கடும் நிலைதான். உப்பிய கன்னத்தைப் பார்த்துக் ‘குண்டாத்தானே இருக்கான்’ என்று ஏமாறுவது வழக்கமான பிழை.

அடுத்த பிழை இன்னும் கொடியது: அன்பாக வயிறு நிறைய ஊட்டுவது. எலும்பும் தோலுமான குழந்தைக்குத் திடீரென்று கொழுப்பும் உப்பும் மாவுமாகக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து இதயமே நின்றுபோகலாம். பசியில்லாமலோ வேறு நோயோடோ இருக்கும் குழந்தைக்கு எஃப்-75 என்னும் சிகிச்சைப் பால், 100 மில்லியில் 75 கலோரி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும். எட்டு வேளையில் இரவு வேளைதான் முதலில் தவறும். பணியாள் தூங்கிவிடுவார், குழந்தையின் சர்க்கரை இறங்கிவிடும், உடம்பு சில்லிட்டுவிடும். முதல் கட்டத்தில் இரும்புச்சத்து கூடாது. பசி நன்றாக எடுத்த பிறகுதான் நிலக்கடலைப் பசைப் பொட்டலம்: ஒன்று 92 கிராம், 500 கலோரி. பிள்ளைகள் நெருக்கமாக வாழும் இடத்தில் கட்டில் வருவதற்கு முன்னால் தட்டம்மை ஊசி வர வேண்டும். அவசர காலத்தில் ஆறாவது மாதத்திலிருந்தே போடலாம். ஒன்பது மாதமானதும் மறுபடி போட வேண்டும்.

மனக் காயத்துக்கு ஆளாளுக்கு வந்து ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று கேட்பது மருந்தல்ல. வேளாவேளைக்குச் சோறு, அதே பாய், அதே பராமரிப்பாளர், கூடிய சீக்கிரம் பள்ளி, இவைதான் முதல் உதவி. பச்சைக் குழந்தைகள் என்றால் மூன்று நான்கு பேருக்கு ஒருவர், அதுவும் முறைவைத்து மாறிக்கொண்டே இராத ஒருவர். இரண்டு வாரத் தொண்டர்கள் வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவதை நாங்கள் எதிர்ப்பது இதனால்தான். புதிதாக யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்’ என்று உருகுகிறார்கள். நிலைத்த ஒருவர் இல்லாமல் வளர்ந்ததன் அடையாளம் அது.

விடுதியே வேண்டாமா? உறவினரும் இல்லை, ஏற்க ஊராரும் இல்லை என்ற சில பிள்ளைகளுக்கு, சில காலத்துக்கு, வேண்டும். ஊருக்கு வெளியே மதில் கட்டி 200 பேர் அல்ல. ஊருக்குள்ளே, மற்ற வீடுகளைப் போலவே, ஆறு எட்டுப் பிள்ளைகளும் ஒரு பராமரிப்பாளரும் இருக்கும் வீடு. உகாண்டாவில் சூளைச் செங்கல் சுடக் காடு அழிகிறது என்பதால் சுடாமல் பொறியில் அழுத்திச் செய்யும் மண்கல் பழக்கத்துக்கு வந்தது. (புதுச்சேரி அருகே ஆரோவில்லில் உருவான ‘ஆரம்’ அழுத்துபொறியும் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போயிருக்கிறது.) மணல் கலந்த செம்மண், எடையில் 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட், 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 100 கல். கரிசல் மண் ஆகாது, உலர்ந்தால் வெடிக்கும். கெடுவது பெரும்பாலும் பதப்படுத்தலில்தான். நிழலில் பிளாஸ்டிக் விரிப்பு மூடி, ஈரம் காயாமல் நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதை, மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில் வெயிலில் காயப் போடுகிறார்கள். அந்தக் கல்லின் விளிம்பை விரலால் நிமிண்டினாலே மாவாக உதிரும். அடித்தளம் ஓரடிக்குக் குறையாமல் உயர வேண்டும், கூரை நன்றாக வெளியே நீள வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிவறை, கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் பெண்பிள்ளைகள் இரவில் போக மாட்டார்கள்.

பெரிய விடுதியின் அடிப்படைக் கோளாறு வேறு. அங்கே சோறும் பள்ளியும் உண்டு, வீட்டில் இல்லை என்றால், இருக்கும் தாயும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். 2012-இல் ருவாண்டா கணக்கெடுத்தபோது 33 விடுதிகளில் 3,323 பேர். அவர்களில் பலருக்கு உறவினர் உயிரோடு இருந்தார்கள். விடுதிகளை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பும் வேலை அதற்குப் பின் தொடங்கியது. பிள்ளையை ஏற்று வளர்ப்பவர்களுக்கு அங்கே ‘மலாயிகா முரின்சி’, காவல் தேவதை என்று பெயர். ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று ‘குடும்ப நண்பர்கள்’ இருந்து அந்த வீடுகளைக் கவனிக்கிறார்கள்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பிள்ளையோடு தகரமும் போர்வையும் எண்ணெயும் வரும் என்றால் பொருளுக்காகவே ஏற்பார்கள். அதனால் உதவியைப் பள்ளிக்கட்டணம், ஊர்க்கிணறு என்று அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. செத்தவரின் நிலம் சித்தப்பாவின் பெயருக்கு மாறியதா என்றும் விசாரிக்க வேண்டும். ருவாண்டாவில் மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று 1999-இல்தான் சட்டம் வந்தது.

ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொல்லாமல் போய்ப் பார்ப்பவர் வீட்டுக்காரரின் பேச்சை அதிகம் நம்புவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தட்டில் கைவைக்கிறார்களா, வந்த பிள்ளை எங்கே படுக்கிறது, சீருடை உண்டா என்று பார்ப்பார். பள்ளி தொடங்கும் மணி அடித்த பிறகு ஊர்க் குழாயடிக்கும் ஒரு நடை போவார்: 20 லிட்டர் மஞ்சள் கேனோடு வரிசையில் நிற்பது யார்?