இரைச்சல் தணிப்பு: ஒரே பெயரில் உலவும் மூன்று வேலைகள்

“நாய்ஸ் கேன்சலிங்னு பெட்டியிலேயே போட்டிருந்துச்சு. மாட்டிப் பார்த்தா பக்கத்துல பேசுறது அப்படியே கேக்குது.” ஹெட்ஃபோன் வாங்கிய பலரிடம் இந்தக் குறையைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கருவியில் பழுது ஏதும் இருக்காது. அந்தச் சொல் தந்த நம்பிக்கைதான் அளவுக்கு மிஞ்சியது. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்கு நல்ல ஹெட்ஃபோன் தேடுகிறவர் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

‘நாய்ஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குச் சண்டை, அமளி என்று பொருள். அதற்கும் மூலம் கடற்பயணக் குமட்டலைக் குறித்த ‘நாசியா’ என்ற லத்தீன் சொல் என்பதே பரவலான கருத்து. ‘கேன்சல்’ இன்னும் சுவையானது. லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் குறுக்குக் கம்பி அடைப்பு, கிராதி. எழுதிய வரி வேண்டாம் என்றால் அதன்மேல் கிராதிபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுப்பார்கள். அந்த அடித்தலே பிறகு ரத்து என்ற பொருளுக்கு வளர்ந்தது. ஆகவே ‘கேன்சலிங்’ என்று படித்தவுடன், இருந்த தடமே தெரியாமல் சத்தம் அழிந்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பது இயல்புதான். எந்த ஹெட்ஃபோனும் அதைச் செய்வதில்லை.

இப்போது நம் ‘இரைச்சல்’ என்ற சொல்லுக்கு வருவோம். அதன் வேர் இரைதல். கடல் இரையும், மழை இரையும், தேன்கூடு இரையும், பசித்த வயிறும் இரையும். ஓடி வந்தவருக்கு மூச்சு இரைக்கும். விட்டுவிடாமல் ஒரே சீராக நீளும் ஒலி என்பது இத்தனைக்கும் பொது. கதவு படாரென்று அடித்தால் அதைச் சத்தம் என்போம், பிள்ளைகள் கத்தினால் கூச்சல் என்போம், கூட்டம் நடமாடினால் சந்தடி என்போம். ஆங்கிலம் ‘நாய்ஸ்’ என்ற ஒரே கூடையில் போட்டுவைத்ததைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை ஹெட்ஃபோன் விஷயத்தில் அப்படியே பொருந்துவதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால் அந்தத் தொழில்நுட்பம் நன்றாக அடக்குவது இரைச்சலைத்தான். சத்தமும் கூச்சலும் அதற்கு முழுதாகப் பிடிபடுவதில்லை.

காரணம் அது வேலை செய்யும் முறையில் இருக்கிறது. ஒலி என்பது காற்றில் மாறி மாறி வரும் அழுத்தம், அதாவது மேடும் பள்ளமும். வெளியே வரும் அலைக்கு மேடு இருக்கும் இடத்தில் பள்ளமும், பள்ளம் இருக்கும் இடத்தில் மேடும் கொண்ட இன்னொரு அலையை எழுப்பிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்யும். பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இந்த எண்ணத்துக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவியில் ஒரு குட்டி மைக் வெளி ஒலியைக் கேட்கிறது, சிப் கணக்கிடுகிறது, ஸ்பீக்கர் எதிரலையை எழுப்புகிறது. எல்லாம் உரிய கணத்துக்குள் முடிய வேண்டும். எஞ்சின் உறுமல்போன்ற 100 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போக அதற்கு நொடியில் இருநூற்றில் ஒரு பங்கு ஆகும். மின்னணுவுக்கு இது தாராளமான நேரம். 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான், அவகாசம் நொடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் பிந்தினாலும் மேட்டின்மேல் மேடு ஏறி, சத்தம் கூடிவிடும். அதனால்தான் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் சீரான முழக்கத்தில் இந்த முறை வல்லது. பேச்சில் ‘ச’, ‘ஸ’ போன்ற கூரிய ஒலிகளும் குழந்தையின் வீறிடலும் மேலே இருப்பவை.

மின்விசிறி ஓடும் அறையில் இதைக் காதாலேயே அறியலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாட்டு எதுவும் போடாமல், தணிப்பை இயக்கிப் பாருங்கள். விசிறியின் ‘ஹூம்’ கீழே இறங்கிப் போகும். அதுவரை காதில் விழாத சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் மேலெழுந்து வரும். இரைச்சல் போனது, சத்தம் தங்கிவிட்டது.

இது பிறந்து வளர்ந்த இடம் விமானம் என்பதும் பொருத்தம்தான். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே எதையும் ரசிக்க முடியாமல் போகவே, அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவர 1989 ஆயிற்று.

இன்னொரு சொல் ‘ஐசொலேட்டிங்’. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. சுற்றிலும் நீர் சூழத் தனித்து நிற்கும் தீவாகக் காதை ஆக்குவது. இதை ‘சத்தத்தைத் தனிமைப்படுத்தும் ஹெட்ஃபோன்’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தனிமைப்படுவது சத்தமல்ல, காது. நடப்பது வெறும் தடுப்பு. இங்கே மைக் இல்லை, சிப் இல்லை, பேட்டரியும் இல்லை. காதுத் துளையை இறுக்கமாக மூடும் டிப், அல்லது காதை முழுதும் கவிந்துகொள்ளும் மெத்தை, அவ்வளவே. ஆனால் கூரிய சத்தங்களை அடக்குவதில் இந்த எளிய வழியே முந்தி நிற்கிறது.

அதற்கு டிப் சரியாக உட்கார வேண்டும். ஃபோம் டிப்பை விரல் நுனியால் நசுக்கி மெலிதாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலே இழுத்தால் துளை நேராகும். டிப்பை உள்ளே விட்டு, அது விரியும்வரை இருபது முப்பது நொடி பிடித்துக்கொள்ளுங்கள். வெளியுலகம் மெல்லப் பின்வாங்குவது தெரியும். சிலிகான் டிப் என்றால் கூட வரும் எல்லா அளவுகளையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. மெத்தை வைத்த ஹெட்ஃபோன் அணியும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள், கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கி இடுக்கு விடுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன இடுக்கு போதும், தடுப்பு பெருமளவு போய்விடும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, மலிவான இயர்பட்ஸ் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் ‘இ.என்.சி.’ (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று இருக்கும். முதலில் பார்த்த எதிரலை முறையின் சுருக்கப்பெயரான ‘ஏ.என்.சி.’ (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) போலவே தோன்றும். இ.என்.சி. என்பது, நீங்கள் போனில் பேசும்போது மைக்கில் விழும் சுற்றுப்புற ஒலியைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக அனுப்புவது. உங்கள் காதுக்குள் அது எதையும் அடக்காது. ஓர் எழுத்து வேற்றுமையில் பயன் பெறுகிறவரே மாறிவிடுகிறார்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘இரைச்சல் ரத்து’ என்பது ஆங்கிலம் கொடுத்த அதே பொய் நம்பிக்கையைக் கொடுக்கும். நீக்கம், ஒழிப்பு என்பவையும் அப்படியே. ‘அவித்தல்’ எனக்குப் பிடித்த சொல். விளக்கு அவிந்தது என்கிறோம். பேச்சு அடங்குவதையும் பழம்பாட்டு ‘சொல் அவிந்து’ என்று சொல்லும். ஆனால் இன்று ‘அவிப்பது’ என்றால் பலருக்கு அடுப்புதான் நினைவுக்கு வரும். ‘தணிப்பு’ நேர்மையான சொல். காய்ச்சல் தணியும், கோபம் தணியும், தாகம் தணியும். இருந்தது இறங்கியது என்கிறோமே தவிர, இல்லாமலே போனது என்று அடித்துச் சொல்வதில்லை. எனவே ஏ.என்.சி.யை ‘இரைச்சல் தணிப்பு’ என்றும், வேலை செய்யும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘எதிரலைத் தணிப்பு’ என்றும் எழுதுகிறேன். ஐசொலேஷனுக்கு ‘ஒலித்தடுப்பு’. இ.என்.சி.க்கு ‘குரல் வடிகட்டல்’, ஏனென்றால் குரலை வைத்துக்கொண்டு மற்றதை வடித்துவிடுவதே அங்கே நடக்கிறது. ஹெட்ஃபோனைக் ‘கேட்பொறி’ என்பாரும் உண்டு. ஹெட்ஃபோன் என்றே சொன்னாலும் எனக்குக் குறையில்லை. பொருள் குழம்பும் இடத்தில்தான் நல்ல தமிழ்ச்சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது.

பணம் குறைவு என்றால், உங்களைத் தொந்தரவு செய்வது எது என்று முதலில் ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். பேச்சு, கூச்சல், தட்டல் என்றால் ஒலித்தடுப்பு நன்றாக உள்ள கம்பி வைத்த இயர்போனும் ஃபோம் டிப்பும் போதும். அதே விலையில் தணிப்பு என்று சொல்லி வருவதைவிட இது பெரும்பாலும் நன்றாகவே ஒலிக்கும், சார்ஜ் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. பேருந்து, ரயில், விமானம், ஏ.சி. உறுமல் என்றால் தணிப்புக்குச் செலவிடலாம், புது மாடலுக்கு முந்தையது கிடைத்தால் அதையே எடுக்கலாம். எவ்வளவு சத்தம் குறையும் என்று காட்டும் ‘45 டெசிபல்’ போன்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் மிக நன்றாக அடங்கும் ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்சம். மலிவான தணிப்பில் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று பின்னால் ஓடும். சிலருக்குக் காது அடைத்தாற்போன்ற அழுத்தமும் தோன்றும். இந்த இரண்டையும் பாட்டுப் போடாமல் பத்து நிமிடம் மாட்டியிருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று அதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.