பிரின்கெப்ஸ் யுவென்டூடிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

கரூர், கோவைப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வரும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எடை நான்கு கிராமுக்குச் சற்றே குறைவு. ஒரு பக்கம் வாகை இலை சூடிய அகஸ்டஸின், அதாவது ரோமின் முதல் பேரரசரின், தலை. திருப்பினால் தோகா என்ற ரோமானிய மேலாடை உடுத்திய இருவர் நேராக நிற்பார்கள். ஆளுக்கொரு வட்டக் கேடயம், தரையில் ஊன்றியபடி. நடுவில் இரண்டு ஈட்டிகள். அவற்றுக்கு மேலே ஒரு சிறு அகப்பையும், நுனி சுருண்ட ஒரு கோலும். இந்தியாவில் கிடைத்த அகஸ்டஸ் காசுகளில் பெரும்பகுதி இந்த ஒரே வகைதான்.

அந்த இருவரைச் சுற்றி ஓடும் எழுத்துகள் ‘பிரின்க் யுவென்ட்’ என்ற சுருக்கத்தில் முடிகின்றன. விரித்தால் ‘பிரின்கெப்ஸ் யுவென்டூடிஸ்’. தமிழில் இதை ‘இளவரசர்’ என்றோ ‘பட்டத்து இளவரசர்’ என்றோ எழுதிவிட்டுப் போவது வழக்கம். பொருள் புரிந்துவிடும், சரி. ஆனால் அந்தக் காசு பாடுபட்டு மறைத்த ஒன்றை இந்த மொழிபெயர்ப்பு போட்டு உடைத்துவிடுகிறது.

முதல் சொல்லைப் பார்ப்போம். ‘பிரீமுஸ்’ என்றால் முதல். ‘காபியோ’ என்றால் எடுக்கிறேன், கைக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்தது பிரின்கெப்ஸ்: முதலிடத்தைக் கொண்டவர். குடியரசுக் காலத்திலேயே இது புழக்கத்தில் இருந்த சாதாரணச் சொல். ரோமின் செனட் பெயர்ப்பட்டியலில் முதலாவதாக இருப்பவருக்கு ‘செனட்டின் பிரின்கெப்ஸ்’ என்று பெயர். சபையில் முதலில் கருத்துச் சொல்லும் மரியாதை அவருக்கு உண்டு. அதற்கு மேல் அதில் அரசாட்சி எதுவும் கிடையாது.

அகஸ்டஸ் தன்னை அழைக்க இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கி.மு. 509-இல் கடைசி அரசனை விரட்டியதாகச் சொல்லிப் பெருமைப்பட்ட ஊர் ரோம். லத்தீனில் அரசனுக்கு ‘ரெக்ஸ்’ என்று பெயர். அரசியலில் ஒருவரை அப்படிச் சொல்வது பழி சுமத்துவதற்குச் சமம். அரசனாகப் பார்க்கிறார் என்ற சந்தேகமும் சேர்ந்துதான் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் உயிரைப் பறித்தது. அவருடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸ் இதிலிருந்து பாடம் கற்றவர். படையும் பணமும் மாகாணங்களும் அவர் கைக்கு வந்த பிறகும் ‘நான் குடிமக்களில் முதல்வன், அவ்வளவுதான்’ என்ற தோற்றத்தைக் கடைசிவரை விடாமல் காத்தார்.

இதே சொல்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ்’ ஆனது. நாம் அந்தப் பிற்காலப் பொருளை எடுத்துக்கொண்டு, பின்னோக்கிப் போய், ரோமானியக் காசில் ‘இளவரசர்’ என்று எழுதுகிறோம். பேரன் முகத்தை வைத்துத் தாத்தா படத்தை வரைவது போன்ற வேலை இது.

அடுத்தது ‘யுவென்டூஸ்’. இளமை என்றும் பொருள், இளைஞர் கூட்டம் என்றும் பொருள். ‘யுவென்டூடிஸ்’ அதன் ஆறாம் வேற்றுமை வடிவம், அதாவது ‘இளையோரின்’. இத்தாலியில் டூரின் நகரத்துப் பள்ளி மாணவர்கள் 1897-இல் தொடங்கிய யுவென்டஸ் கால்பந்து அணியின் பெயரும் இதே சொல்தான். லத்தீனின் ‘யுவெனிஸ்’, வடமொழியின் ‘யுவன்’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ‘ரெக்ஸ்’, ‘ராஜா’ இரண்டும் அப்படியே. ஆக, ‘யுவராஜா’ என்று மொழிபெயர்த்தால் முன்பாதி கச்சிதமாகப் பொருந்தும். பின்பாதியில் ரோம் வாயெடுத்துச் சொல்லத் துணியாத அதே ‘ரெக்ஸ்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைக் கவனித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை இந்தக் காசுக்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

சரி, யார் அந்த இருவர்? அகஸ்டஸின் மகள் யூலியாவுக்கும் தளபதி அக்ரிப்பாவுக்கும் பிறந்த காயஸ், லூசியஸ். மூத்தவர் பிறந்தது கி.மு. 20, இளையவர் கி.மு. 17. அகஸ்டஸுக்கு ஆண் பிள்ளை இல்லை. லூசியஸ் பிறந்த ஆண்டிலேயே பேரன்கள் இருவரையும் மகன்களாகத் தத்தெடுத்துக்கொண்டார். காசில் இருவரும் ‘அகஸ்டஸின் மகன்கள்’ என்றே குறிக்கப்படுவது அதனால்தான்.

காயஸ் கி.மு. 5-இலும் லூசியஸ் கி.மு. 2-இலும் சிறுவர் உடையைக் களைந்து வளர்ந்த ஆண்களின் தோகாவை உடுத்தினார்கள். அந்தந்தச் சமயத்தில் ரோமின் குதிரைவீரர் வகுப்பு, அதாவது செனட்டர்களுக்கு அடுத்த நிலையில் இருந்த செல்வர் குழு, அவர்களைத் தங்கள் இளைஞர்களின் பிரின்கெப்ஸ் என்று அழைத்து வெள்ளிக் கேடயமும் வெள்ளி ஈட்டியும் பரிசளித்தது. அகஸ்டஸே தன் சாதனைகளைப் பட்டியலிட்ட நீண்ட கல்வெட்டில் இதைப் பெருமையோடு சொல்கிறார். அந்த வாசகம் துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. காசில் இருக்கும் கேடயங்களும் ஈட்டிகளும் அந்தப் பரிசுகளேதான். அகப்பையும் கோலும் சமயப் பொறுப்பின் அடையாளங்கள். அகப்பை, பூசகர் குழுவில் இருந்த காயஸுக்கு. சுருண்ட கோல், பறவை பார்த்துச் சகுனம் சொல்லும் குழுவில் இருந்த லூசியஸுக்கு.

இப்போது அந்தக் காசின் சாமர்த்தியம் தெரியும். ‘எனக்குப் பின் இவர்கள்’ என்று ஓர் எழுத்துகூட அதில் இல்லை. சட்டப்படி அப்படிச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஒப்படைக்க அரியணை என்று ஒன்று அங்கே கிடையாது. ஆனால் ஒரு பக்கம் முதல்வர், மறுபக்கம் இளையோரின் முதல்வர்கள். காசைக் கையில் புரட்டும் எவருக்கும் மிச்சம் புரிந்துவிடும்.

காசின் அடியில் பெயர்கள் ‘சி எல்’ என்று சுருக்கமாக இருக்கும். காயஸுக்கு எதற்கு ‘சி’ என்று கேட்கலாம். பழைய லத்தீனில் ஒரே எழுத்து வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் பயன்பட்டது. நம் ‘க’ இன்றைக்கும் செய்கிற வேலைதான். பிறகு தனி எழுத்து வந்தபோதும் இந்தப் பெயர்ச்சுருக்கம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

திட்டம் பலிக்கவில்லை. லூசியஸ் ஸ்பெயினுக்குப் போகும் வழியில் கி.பி. 2-இல் மசீலியாவில், இன்றைய மார்சேயில், இறந்தார். காயஸ் ஆர்மேனியப் போரில் பட்ட காயத்தால் கி.பி. 4-இல் இறந்தார். வேறு வழியில்லாமல் அகஸ்டஸ் அதே ஆண்டு தன் மனைவியின் மகன் திபேரியஸைத் தத்தெடுத்தார். திபேரியஸுக்கு அப்போது வயது 44. இளையோர் தலைவன் பட்டம் அவருக்குப் பொருந்துமா? தரப்படவில்லை. நம் ஊர்ப் புதையல்களில் இந்த இருவர் காசும் திபேரியஸின் காசும் ஒரே பானையில் கலந்து கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட பானை மண்ணுக்குள் போனபோது, அந்த இளைஞர்கள் இறந்து குறைந்தது பத்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும். வெள்ளியின் தரம் நன்றாக இருந்தது, அது போதும். யார் வாரிசு என்பது இங்கே யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

பட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னர் வந்த பேரரசர் கிளாடியஸ் தன் சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருக்கும்போதே நீரோவைத் தத்தெடுத்தார். அதன்பின் வந்த காசில் ஒரு கேடயமும் ஈட்டியும், அதில் ‘குதிரைவீரர் வகுப்பு, இளையோர் முதல்வனுக்கு’ என்ற வாசகமும் இருக்கின்றன. வெஸ்பாசியன் தன் மகன்கள் டைட்டஸ், டொமிஷியன் இருவருக்கும் அதைக் கொடுத்தார். மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் கொம்மோடஸ், பின்னர் காராகல்லா, கெட்டா, மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிலிப் என்று கான்ஸ்டன்டைனின் பிள்ளைகள் வரை இது தொடர்ந்தது. அதற்குள் ‘சீசர்’ என்ற குடும்பப் பெயரே வாரிசுக்கான பதவிப் பெயராகிவிட்டது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாத காலத்திலும், முந்நூறு ஆண்டுப் பழக்கமாக, இந்தத் தொடரைக் காசில் பொறித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில், கி.பி. தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது. எப்போது வெட்டினார்கள்? ‘பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக’, அதாவது மகன் இளங்கோ ஆனபோது. அரசுரிமை அறிவிப்பை நினைவுகூரும் கல் இது. அதிலும் தாத்தா பெயர், அப்பா பெயர், மகன் பெயர் என்று மூன்று தலைமுறை வரிசையாக நிற்கிறது. இங்கே ஒளிவுமறைவு ஏதும் இல்லை. கோ என்றால் அரசன், இளங்கோ என்றால் அடுத்த அரசன். இந்தக் கல்வெட்டு சொல்லும் சேரர்களின் நாட்டில்தான் காயஸ், லூசியஸ் காசுகளும் குவிந்தன என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஆக, இளங்கோ அழகான சொல், ஆனால் அதற்குள் கோ இருக்கிறது. இளவரசனுக்குள் அரசன் இருக்கிறார். பட்டத்து இளவரசரிலோ நெற்றியில் கட்டும் பொற்பட்டமும் சேர்ந்துகொள்கிறது. மூன்றுமே ரெக்ஸின் உறவுகள்.

நான் பரிந்துரைப்பது ‘இளையோர் முதல்வன்’. முதலிடம் கொண்டவன் என்ற வேர்ப்பொருளை ‘முதல்வன்’ அப்படியே தாங்குகிறது. முதல்வர் என்றதும் முதலமைச்சர்தானே நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கலாம். கல்லூரித் தலைவரையும் முதல்வர் என்றுதானே சொல்கிறோம்? அவருடைய ஆங்கிலப் பதவிப் பெயரான ‘பிரின்சிபல்’ பிறந்ததும் பிரின்கெப்ஸிலிருந்தே. அந்த இடத்தில் தெரிந்தோ தெரியாமலோ மிகச் சரியான சொல்லைப் போட்டிருக்கிறோம். காசுக்கும் அதையே போடலாம். இந்த வகைக் காசுகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘வாரிசு அறிவிப்புக் காசு’ போதும். வாரிசு அரபியிலிருந்து வந்த சொல் என்று விலக்குவோர் ‘வழித்தோன்றல்’ என்பார்கள். ஆனால் வழித்தோன்றல் குருதி உறவைச் சொல்வது. தத்து வழியாகப் பலமுறை கைமாறிய ரோமானிய ஆட்சிக்கு, உரிமையைச் சொல்லும் வாரிசுதான் பொருத்தம்.

அப்படியானால் அந்தச் சிறு வெள்ளிக் காசின் பின்பக்கத்தை, ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவியான கான்சலையும் சேர்த்து, தமிழில் இப்படி எழுதலாம்: ‘அகஸ்டஸின் மகன்கள், நியமனம் பெற்ற கான்சல்கள், இளையோர் முதல்வர்கள்: காயஸ், லூசியஸ் சீசர்கள்.’